பேட்டில் வைத்தும் இறங்கிக்கொண்டே போன சார்ஜ்: எங்கள் காரில் நடந்த கதை

போன மே மாதம் திருச்சிக்குப் போகத் தாம்பரத்தில் கிளம்பும்போது போனில் 71 சதவீதம் இருந்தது. விழுப்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால் டீ குடிக்க ஓரம் கட்டியபோது 54. இடையில் ஓடிய இரண்டரை மணி நேரமும் போன் வயர்லெஸ் சார்ஜிங் பேட் மேலேயே படுத்திருந்தது, திரையில் மின்னல் குறி விடாமல் தெரிந்தது, பேட்டின் ஓரத்தில் நீல விளக்கும் எரிந்தது. எல்லாம் சரியாக இருந்தது, சார்ஜைத் தவிர. பின்சீட்டில் இருந்த மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இது சார்ஜ் ஏத்துற மெஷினா, இறக்குற மெஷினா?" என்றார்.

அதற்கு முழுப் பதில் கிடைக்க மூன்று மாதம் ஆனது. நடுவில் ஒருமுறை கார் பேட்டரியே படுத்துவிட்டது, ஒருமுறை சொந்த வண்டியே என் சாவியைத் தெரியாது என்றது. கடையில் பேட் வாங்கிப் பொருத்தும் பழக்கம் இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

வண்டி 2018இல் எடுத்த ஒரு சின்ன ஹேட்ச்பேக். பட்டன் ஸ்டார்ட், தொடுதிரை எல்லாம் உண்டு, ஆனால் போனின் மேப்பைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வயர் போட்டால்தான் ஓடும். கியருக்கு முன்னால் சில்லறை போட்டு வைக்கிற ஒரு பள்ளம் இருக்கும் இல்லையா, அதில் சரியாக உட்காரும் ஒரு பேட்டை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 15 வாட் என்று போட்டிருந்தது. பொருத்திய பையன், "வெச்சா போதும் சார், அதுவே ஏறிக்கும்" என்றான். வண்டியில் இருந்த ஒரே யூ.எஸ்.பி. துளையில் பேட்டின் வயரைச் சொருகி, மிச்ச வயரைக் கன்சோலுக்குள் தள்ளி மறைத்துவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த ஒரு துளையையும் பேட் பிடித்துக்கொண்டதால் ஆண்ட்ராய்டு ஆட்டோ போய்விட்டது, ஆகவே மேப்பைக் காரின் பெரிய திரையில் பார்க்காமல் பள்ளத்தில் கிடக்கும் போனைக் குனிந்து பார்க்க வேண்டிய நிலை. இதை முதலில் சொன்னது என் மனைவிதான். நான் கேட்கவில்லை.

திருச்சி போய்த் திரும்பியதும் ரிச்சி தெருவில் ஒரு யூ.எஸ்.பி. மீட்டர் வாங்கினேன். விரல் நீளம்தான், துளைக்கும் வயருக்கும் நடுவில் சொருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காட்டும். சில நூறு ரூபாய்ப் பொருள், இந்தக் கதையில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான காசு அதுதான். சொருகிப் பார்த்தேன்: 5 வோல்ட், 0.9 ஆம்பியர். பெருக்கினால் 4.5 வாட். பெட்டியில் 15, உள்ளே போவதே நாலரை!

விஷயம் இவ்வளவுதான். பழைய யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு துளை கொடுக்க வேண்டியது அரை ஆம்பியர் மட்டுமே. காரில் வருகிற துளைகளில் பல, பாட்டு போடுவதற்கும் போனைத் திரையோடு இணைப்பதற்கும் வைத்தவை, வேகமாகச் சார்ஜ் ஏற்ற வைத்தவை அல்ல. பேட் 15 வாட் கொடுக்க வேண்டும் என்றால் அதற்குள் 9 வோல்ட்டாவது வர வேண்டும், அதை பவர் டெலிவரி, க்விக் சார்ஜ் என்ற வேகச் சார்ஜிங் முறைகளில் ஒன்று தெரிந்த அடாப்டர் மட்டுமே தரும். சாதாரணத் துளையில் சொருகினால் பேட் 9 வோல்ட் கேட்டுப் பார்க்கும், பதில் வராது, சரி போகட்டும் என்று 5 வாட் நிலைக்கு இறங்கி, அதே நீல விளக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 15 வாட்டுக்கு ஒரு நிறம், 5 வாட்டுக்கு வேறு நிறம் என்று வைத்திருந்தால் எனக்கு மூன்று மாதம் மிச்சம்.

பேட்டுக்குள் வந்த அந்த நாலரை வாட்டும் முழுசாகப் போனுக்குள் போகாது. பேட்டுக்குள் ஒரு செப்புக் கம்பிச் சுருள், போனின் முதுகில் ஒன்று, நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. இந்த இடைவெளியைத் தாண்டும்போது ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். என் கணக்கு இப்படி: போன் பேட்டரி 5000 மில்லியாம்பியர்-மணி, அதாவது சுமார் 19 வாட்-மணி. 17 சதவீதம் இறங்கியது என்றால் 3.2 வாட்-மணி, இரண்டரை மணி நேரத்தில். அப்படியானால் 1.3 வாட் பற்றாக்குறை. வெயிலில் திரை முழு வெளிச்சத்தில், ஜி.பி.எஸ்., நெட் எல்லாம் ஓட போன் சாப்பிடுவது நாலு வாட் வாக்கில். பேட் உள்ளே சேர்த்தது மூன்றுக்கும் குறைவு. வரவை விடச் செலவு அதிகம், மாமனார் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி.

இந்தப் பேட்களுக்கெல்லாம் பொதுவான தரநிலைக்குச் சீன மொழியில் உயிர்ச்சக்தி என்று பொருள் தரும் ஒரு சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார்கள், எழுதுவது Qi, உச்சரிப்பு 'ச்சீ'. எனக்கு அந்த மாதம் அது தமிழ்ச் சொல்லாகவே கேட்டது.

ஜூனில் கடைக்குத் திரும்பப் போனேன். பையன் மீட்டரைப் பார்த்ததும் மறுப்பு எதுவும் சொல்லவில்லை, நல்ல பையன்தான். "ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்தே லைன் எடுத்துடலாம் சார்" என்று 12 வோல்ட்டை வாங்கி 9 வோல்ட் தரும் ஒரு கன்வெர்ட்டரை டாஷ்போர்டுக்கு அடியில் வைத்து, ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருக்கும் இடத்திலிருந்தே ஒரு கிளை லைன் எடுக்கும் சின்ன இணைப்பு) போட்டு இணைத்தான். வயரை எங்கும் வெட்டவில்லை, அது முக்கியம், வெட்டி ஒட்டினால் வாரண்டிப் பேச்சு தனி. மீட்டரில் இப்போது 9 வோல்ட், 1.6 ஆம்பியர். 14 வாட்டுக்கு மேல். பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஒன்பது நாள் ஊரில் இல்லை. ரயிலில் போய் ரயிலில் வந்தேன், வண்டி அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கிடந்தது. வந்து பட்டனை அழுத்தினால் டிக்-டிக்-டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்துக் கிளப்பி, நேராக எங்கள் வழக்கமான எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் மல்டிமீட்டரைப் பேட்டரி நெகட்டிவில் வரிசையாகப் போட்டு, வண்டியைப் பூட்டிக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பூட்டிய வண்டி இழுக்க வேண்டியது சில பத்து மில்லியாம்பியர். இது 95 காட்டியது. ஃபியூஸ் டேப்பைப் பிடுங்கினார், 25க்கு வந்தது. "அண்ணே, இது எப்பவும் உயிரோட இருக்குற லைன். சாவி ஆஃப் பண்ணாலும் ஆஃப் ஆகாது. யார் போட்டது?"

பேட்டும் கன்வெர்ட்டரும் சும்மா இருக்கும்போதே 70 மில்லியாம்பியர் குடித்திருக்கின்றன. பேட் விளக்கு, போன் மேலே வந்துவிட்டதா என்று நொடிக்கு ஒருதரம் தடவிப் பார்க்கும் வேலை, கன்வெர்ட்டரின் சொந்தச் செலவு, எல்லாம் சேர்ந்து. ஒரு நாளைக்கு 1.7 ஆம்பியர்-மணி. ஒன்பது நாளில் பதினைந்து. வண்டியில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் நாலு வயதானது. அவர் டேப்பைப் பிடுங்கி, இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர் வரும் பக்கத்து ஃபியூஸில் மாற்றி வைத்தார். ஐந்து நிமிட வேலை. அவருடைய அனுபவத்தில் டேஷ்கேம், பேட், சீட் விளக்கு என்று வெளியில் பொருத்தும் எதிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தானாம்: வண்டியை அணைத்துக் கதவைப் பூட்டிய பிறகு விளக்கு எரிகிறதா, அணைகிறதா. என் பேட்டின் நீல விளக்கு ஒன்பது நாளும் இருட்டுப் பார்க்கிங்கில் எரிந்துகொண்டு இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது சூடு. இதுதான் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது.

ஜூலையில் மறுபடி திருச்சி. உளுந்தூர்பேட்டையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம், நிழல் கிடைக்கவில்லை, முக்கால் மணி நேரம் வண்டி வெயிலில். 2018இல் அமெரிக்காவில் அரிசோனாவில் ஒரு ஆய்வு செய்திருந்தார்கள், 37 டிகிரிக்கு மேலான நாட்களில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரிக்குப் போயிருந்தது, ஸ்டியரிங் 53. நம் வெயில் அதற்கு ஒன்றும் இளைத்ததில்லை. அப்படிக் காய்ந்த பள்ளத்தில், காய்ந்த பேட் மேல், கவர் போட்ட போனை வைத்து, 14 வாட்டையும் ஏற்றினால் என்ன ஆகும்? பதினைந்து நிமிடத்தில் திரை மங்கியது, போன் சூடாக இருப்பதால் சார்ஜிங் நிறுத்தப்பட்டது என்று செய்தி வந்தது. கையில் எடுத்தால் இட்லித் தட்டு மாதிரி இருந்தது.

பேட் இங்கே முதலாளி இல்லை, வேலையாள்தான். எவ்வளவு வேண்டும் என்று கேட்பது போன். ஏற்று, குறை, நிறுத்து என்று சின்னச் சின்னச் செய்திகளை அதே காந்தப் புலத்தின் வழியாகவே பேட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போனின் பேட்டரி சூடானால் அது கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். சூட்டில் சார்ஜ் ஏறுவது லித்தியம் பேட்டரியின் ஆயுளை நன்றாகவே குறைக்கும், ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பமே 0 முதல் 35 டிகிரி வரைதான். வயரில் ஏற்றினாலும் போன் சூடாகும், ஆனால் பேட்டில் அந்த இடைவெளி இழப்பு முழுக்க போனின் முதுகுக்குக் கீழேதான் சூடாக இறங்குகிறது, அதுவும் காற்றே புகாத பள்ளத்தில். மீட்டரில் நான் பார்த்தது: முதல் ஏழெட்டு நிமிடம் 14 வாட், அப்புறம் 8, அப்புறம் 5, அப்புறம் நின்று நின்று ஏறுவது. பெட்டியில் போட்டிருக்கும் 15 வாட் பொய்யில்லை. அது அந்த ஏழெட்டு நிமிடத்துக்கு உண்மை.

சறுக்கலும் உண்டு. பரனூர் சுங்கச்சாவடி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது போன் ஒரு விரல் நகர்ந்துவிடும். இரண்டு சுருளும் நேருக்கு நேர் இல்லாவிட்டால் இழப்பு கூடும், சூடு கூடும், கொஞ்சம் அதிகமாக நகர்ந்தால் தொடர்பே அறுந்து 'டிங்' என்று சத்தம் வரும், அடுத்த குலுக்கலில் மறுபடி 'டிங்'. மனைவி எண்ணினார்: செங்கல்பட்டிலிருந்து திண்டிவனத்துக்குள் பதினெட்டு டிங்.

இதற்கு நான் கண்ட வழி, பள்ளத்தை விட்டுவிட்டு ஏ.சி. வென்ட்டில் மாட்டும் காந்தப் பேட். 2020 அக்டோபரில் வந்த ஐபோன் 12இலிருந்து போனுக்குள்ளேயே காந்த வளையம் வருகிறது, 2023இல் அந்த யோசனையையே பொதுத் தரநிலையின் இரண்டாம் பதிப்பில் சேர்த்துவிட்டார்கள். என் போனில் காந்தம் இல்லை, வளையம் பதித்த கவர் ஒன்று வாங்கினேன். வளையம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் மச்சான் அதே யோசனையைக் கேட்டுவிட்டு, பழைய காந்த ஹோல்டருக்கு வந்த வட்டமான இரும்புத் தகட்டைக் கவருக்குள் வைத்துக்கொண்டான். நடுவில் ஓட்டை இருக்கும் வளையம் வேறு, முழுத் தகடு வேறு. தகடு சுருளை அப்படியே மூடிவிடும், காந்தப் புலத்தில் அதுவே சூடேறும். ஒழுங்கான பேட்டாக இருந்தால் நடுவில் உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்து சிவப்பு விளக்குக் காட்டி நிறுத்திவிடும், அவனுடையது நிறுத்தியது. மலிவுப் பேட் எல்லாமே நிறுத்தும் என்று நான் நம்ப மாட்டேன். போனுக்கும் பேட்டுக்கும் நடுவில் சில்லறை, சாவி எதுவும் சிக்கக்கூடாது என்பதும் இதனால்தான். மனைவி போன் கவருக்குள் மெட்ரோ கார்டை வைத்திருப்பார், அதையும் எடுக்கச் சொன்னேன். கடன் அட்டை, பாஸ்போர்ட், அடையாள அட்டை போன்றவற்றை நடுவில் வைத்தால் காந்தப் பட்டையோ சிப்போ கெடலாம் என்று ஆப்பிளின் வழிகாட்டியிலேயே இருக்கிறது.

வென்ட்டில் வைத்ததில் ஏ.சி. காற்று நேராகப் போனின் முதுகில் அடிக்கிறது, கண்ணும் சாலையை விட்டு அதிகம் இறங்குவதில்லை. 2020 அக்டோபர் முதல் நம் மோட்டார் வாகன விதிகளில், வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. பள்ளத்தில் குனிந்து பார்ப்பதைக் கவனம் சிதறாதது என்று எந்தப் போலீஸ்காரரிடமும் வாதாட முடியாது. குறை என்னவென்றால் ஊட்டிப் பக்கம் போய் ஹீட்டர் போட்டால் அதே வென்ட் போனை வறுக்கும், அந்த ஒரு வென்ட்டை மூடிவிட வேண்டும். கனமான போன் என்றால் வென்ட்டின் பிளாஸ்டிக் இறகு நாளடைவில் தளரும், என்னுடையது ஏற்கெனவே கொஞ்சம் ஆடுகிறது.

இவ்வளவும் மாற்றியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒழுங்காகச் சோதித்தேன். ஒரே போன், ஏ.சி. 24, மேப் ஓட, ஒவ்வொன்றும் அரை மணி நேரம், ஈ.சி.ஆரில். பள்ளத்துப் பேட், காரின் யூ.எஸ்.பி. துளையில்: 3 சதவீதம் இறக்கம். அதே பேட், 9 வோல்ட்டில்: 6 ஏற்றம். வென்ட்டில் காந்தப் பேட்: 11 ஏற்றம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் நல்ல அடாப்டர் போட்டு நேராக வயரில்: 28 ஏற்றம். இதெல்லாம் ஒரு வண்டி, ஒரு போன் கணக்கு. இதில் என்னை உறுத்தியது ஐந்தாவது சோதனைதான். காரின் அதே சோப்ளாங்கி யூ.எஸ்.பி. துளையில் வயரைச் சொருகி, மேப்பை ஆண்ட்ராய்டு ஆட்டோவில் காரின் திரையில் போட்டுவிட்டு, போன் திரையை அணைத்து வைத்தேன்: 4 சதவீதம் ஏற்றம். அதாவது, நான் எந்தப் பேட்டும் வாங்காமல், எந்தக் கடைக்கும் போகாமல், மனைவி சொன்ன மாதிரி வயரையே வைத்திருந்தால் மே மாதம் சார்ஜ் ஏறிக்கொண்டே விழுப்புரம் போயிருக்கும். இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சாவி விஷயம் பாக்கி. பட்டன் ஸ்டார்ட் வண்டியில், சாவி உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வண்டி 125 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு சின்ன அலையை அனுப்பும், சாவி அதைக் கேட்டுப் பதில் சொல்லும். பழைய வகைப் பேட்கள் வேலை செய்வதும் சுமார் 110 முதல் 205 கிலோஹெர்ட்ஸுக்குள். சந்தைக் கூச்சலில் பக்கத்தில் நின்று காதோடு பேசினாலும் கேட்காது இல்லையா, அந்த நிலைமை. நான் சாவியைப் பள்ளத்துப் பேட்டை ஒட்டிய கப் ஹோல்டரில் போடுவது வழக்கம். மேல்மருவத்தூரில் வண்டியை அணைத்துத் திரும்பக் கிளப்பும்போது 'சாவி இல்லை' என்று வந்தது, சாவி என் கண் முன்னால்தான் இருக்கிறது. போனைப் பேட்டிலிருந்து எடுத்தேன், உடனே கிளம்பியது. வைத்தேன், மறுபடி இல்லை. மாமனாருக்கும் இதே கோளாறு வேறு உருவத்தில்: திருச்சி நெருங்கினால் அவருக்கு 936இல் திருச்சி வானொலி வேண்டும், போன் பேட்டில் இருந்தால் செய்தி வாசிப்புக்கு நடுவே வண்டு ரீங்காரம். பேட்டின் அலை தன் மடங்குகளாக மீடியம் வேவ் வரைக்கும் சிதறுகிறது. எஃப்.எம்.மில் ஒன்றும் இல்லை. சாவி சட்டைப்பைக்குப் போனது, வானொலி நேரத்தில் போன் கீழே இறங்கும். புதிய காந்த வகையில் அலைவரிசை 360 கிலோஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிட்டது, சாவிக்குக் கொஞ்சம் தள்ளி.

கடைப் பேட் என்பதால்தான் இந்தத் தொல்லையெல்லாம், கம்பெனியே வைத்துக் கொடுத்தால் வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2023 இறுதியில் சில பி.எம்.டபிள்யூ. கார்களில், கம்பெனி பொருத்திய பேட்டிலேயே, ஐபோன் 15 வைத்துச் சார்ஜ் ஏற்றியவர்களுக்கு என்.எஃப்.சி. செத்துப்போனது, போனைத் தட்டிப் பணம் கட்ட முடியவில்லை. அந்த நவம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 17.1.1இல் ஆப்பிள் அதைச் சரிசெய்து, சில கார்களில் வயர்லெஸ் சார்ஜிங்குக்குப் பிறகு இப்படி ஆகலாம் என்று குறிப்பிலும் எழுதியது. அத்தனை விலை வண்டிக்கே அந்த கதி என்று தெரிந்தபோது எனக்கு, ஒப்புக்கொள்கிறேன், ஒரு அற்ப சந்தோஷம்.

இப்போது நிலவரம்: ஆபீஸ் போய் வரும் நாற்பது நிமிடத்துக்கு வென்ட் பேட், மாட்டினால் போதும், அந்த வசதி பிடித்துத்தான் இருக்கிறது. திருச்சிக்கு வயர். பள்ளத்துப் பேட்டைக் கழற்றி மாமனார் வீட்டு டி.வி. மேசையில் வைத்தாயிற்று, நல்ல அடாப்டரில், மின்விசிறிக்குக் கீழே. அவர் போனில் வயர்லெஸ் சார்ஜிங் கிடையாது. இருந்தாலும் இரவு அதன் மேல்தான் வைக்கிறார், "வழுக்காம இருக்கு மாப்ளே" என்று.